அக்காவின் நாலு சீட்டு

என் பிரியமுள்ள அக்கா,

சேலைப் பெட்டி அட்டையை வெட்டி நீ செய்தாயே காய்கறிச் சீட்டு, அது இன்னும் பவியின் பென்சில் டப்பாவில்தான் இருக்கிறது. மூலைகள் மடங்கிவிட்டன, மற்றபடி பத்திரம். ஞாயிறுதோறும் நானும் அம்மாவும் திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறி சின்னாளப்பட்டிக்கு, உன் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். வந்ததும் உன் மகள் டப்பாவைத் திறந்துவிடுவாள்.

ஆட்டம் உனக்குத் தெரியாததல்ல, நீ சொல்லிக்கொடுத்ததை ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். நாலு பேர், நாலு காய், காய்க்கு நாலு சீட்டு. கலைத்து ஆளுக்கு நாலு போடவேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் வேண்டாத சீட்டை வலது பக்கம் தள்ளவேண்டும். ஒரே காய் நாலும் சேர்ந்தவர் நடுவில் கை வைப்பார். மற்றவர்கள் அதன்மேல் அடிக்கவேண்டும். கடைசியாகக் கை வைத்தவருக்குப் பாத்திரம் கழுவும் வேலை. முக்கால்வாசி நாள் கழுவியது உன் வீட்டுக்காரர்தான். மாமா வேண்டுமென்றே தோற்றார் என்று எனக்கு இப்போதும் சந்தேகம்.

நீ கண்ணை மூடிய பிறகும் பவி நாலு பேருக்குத்தான் சீட்டுப் போடுகிறாள். பீரோவுக்குப் பக்கத்தில், நீ உட்காரும் இடத்தில், உன் பங்கைக் கவிழ்த்து வைப்பாள். அதை யாரும் எடுக்கக்கூடாது. மாமா, பவி, நான் மூன்று பேரும் எங்களுக்குள் தள்ளிக்கொண்டே இருப்போம். உன்னிடம் ஒரு தக்காளி மாட்டினால் போதும், வெளியே தக்காளி சேரவே சேராது. பெரும்பாலும் யாருக்கும் எதுவும் சேர்வதில்லை, சலித்துப்போய் எழுந்துவிடுகிறோம். எட்டு வயதுப் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது?

இன்னொரு சேதி. அம்மா என்னை மாமாவுக்கே கட்டிவைக்கப் பார்க்கிறாள். "வர்றவ எப்பிடியாப்பட்டவளோ, நீ விட்டா பிள்ளைய யாருடி பாக்குறது?" என்கிறாள்.

மாமா நல்லவர்தான். ஆனால் நான் பள்ளிக்கூடச் சீருடை போட்ட காலத்திலிருந்து என்னைப் பாப்பா என்றே கூப்பிடுகிறவர். அவரை வேறு மாதிரி நினைக்கவே எனக்குக் கூசுகிறது. முடியாது என்றால் பவியைக் கைவிட்டது போலாகுமோ? சோறு இறங்கவில்லை அக்கா. இப்படி விட்டுவிட்டுப் போனாயே என்று உன்மேல் கோபம்கூட வருகிறது.

போன ஞாயிறு, வெஞ்சனத்துக்குக் காய் அரிந்துகொண்டிருந்த அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இம்புட்டு நேரமா என்னத்தடி தள்ளிக்கிட்டே இருக்கீங்க? அக்கா சீட்டை நீ எடுத்து ஆடு. அவ இடத்துல போய் உக்காரு."

மாமா தலை குனிந்துகொண்டார். அம்மா எதைச் சொல்கிறாள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் எழுந்தேன் அக்கா. என்றைக்கோ செய்யத்தான் வேண்டுமென்றால் இன்றைக்கே செய்து தொலைப்போம் என்று பீரோப் பக்கம் உட்கார்ந்து உன் சீட்டைத் தொட்டுவிட்டேன். பவி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நான் விட்டு வந்த இடத்தைக் காட்டி, "அப்ப சித்தி சீட்டை யாரு ஆடுறது?" என்று கேட்டாள்.

அம்மா காய் அரியத் திரும்பிவிட்டாள். மாமாதான் சொன்னார், "பாப்பா, நீ உன் இடத்துக்குப் போ." அவர் கண் கலங்கியிருந்தது.

இன்று அம்மாவிடம் முடியாது என்று சொல்லப்போகிறேன். வீடு ரெண்டுபடும், தெரியும். பவிக்கு அம்மா இல்லாமல் போனது போதும், சித்தியும் இல்லாமல் போகவேண்டாம். ஞாயிறு தவறாமல் வருவேன், என் இடத்தில் உட்கார்ந்து என் சீட்டை ஆடுவேன். உன்னுடையது கவிழ்ந்தே கிடக்கட்டும். ஆட்டம் முடியாவிட்டால் போகிறது, பாத்திரத்தை நானே கழுவிக்கொள்கிறேன்.

உன் தங்கை,
பவியின் சித்தி