நம் தலைகளை எண்ணிச் செய்த தொகுதி

கூடலூர் மண்ணுக்குள் போய்விட்ட என் பாக்கியம் அக்காவுக்கு,

நீ இருந்திருந்தால் இந்தச் செய்தியைக் கேட்டுச் சிரித்திருப்பாய். கந்தேகம தொகுதியைக் கலைத்துவிட்டார்கள். இனி ஊருக்கோர் உறுப்பினர் கிடையாதாம். மாத்தளை மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து ஒரே தேர்தலாம். கடைத்தெருவில் சாவு வீடுபோல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பேசுகிறார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, அக்கா.

சுதந்திரத்துக்கு முந்தின தேர்தலில் நீ ஓட்டுப் போட்டாய். துவைத்த சேலை கட்டிக்கொண்டு, தோட்டத்து லயக் குடியிருப்புப் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கினாய். பெரிய கங்காணி சொன்ன ஆளுக்குப் போடாமல் உன் மனசுக்குப் பட்டவருக்குப் போட்டாய் என்று அப்பா உன்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார். நான் அப்போது பாவாடை கட்டிய சின்னப் பிள்ளை. அன்றைக்கு உன் முகத்தில் இருந்த களையை உன் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

பிறகு இலங்கை சுதந்திரம் வாங்கியது. அந்தக் கையோடு சட்டமும் வந்தது. நாம் இந்த நாட்டுக்காரர் இல்லையாம். ரிவர்ஸ்டன் பக்கத்து மலையில் காடு வெட்டித் தேயிலை நட்டு, அந்தத் தேயிலைக்கடியிலேயே புதைந்தவர் நம் தாத்தா. அவருடைய பேத்திகள் எந்த நாட்டுக்காரர்?

அடுத்த தேர்தலுக்கும் நீ போனாய். போகாதே என்று எல்லாரும் சொன்னோம். ஓட்டுச் சாவடியில் இருந்த உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் சொன்னார், பட்டியலில் உன் பெயர் இல்லை, வீட்டுக்குப் போ என்று.

“போன தடவ இருந்துச்சே ஐயா. நான் இன்னும் சாகலையே” என்றாய்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் நின்றவர்கள் உன்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

சில வருஷம் கழித்துத் தொகுதிகளைப் புதிதாகப் பிரித்தபோதுதான் கந்தேகம பிறந்தது. இத்தனை கொஞ்சம் ஓட்டுக்காரர் உள்ள ஊருக்குத் தனித் தொகுதி எப்படி வந்தது என்று சில்லறைக் கடை சாலி நானாவிடம் கேட்டாய். தொகுதி பிரிப்பது ஓட்டை எண்ணி இல்லை, சனத்தை எண்ணி என்று அவர் விளக்கினார். சனக்கணக்கில் லயத்து ஆட்களும் சேர்த்தி. நம்மையும் எண்ணியதால்தான் மலைப்பக்கத்துக்கு ஓர் ஆசனம் கூடியதாம்.

“அப்ப தலைய எடுத்துக்கிட்டு கைய மட்டும் வெட்டிட்டாங்க” என்றாய். சாலி நானா நீ கேட்ட கருவாட்டைக் கட்டிக் கொடுத்தார்.

புதுத் தொகுதியின் முதல் தேர்தலுக்கு நின்றவர்கள் ஓயா ஆற்றின் இந்தக் கரையிலிருந்த கிராமம்வரை வந்தார்கள். ஆற்றைத் தாண்டி நம் லயத்துக்கு யாரும் வரவில்லை. நீதான் தண்ணீரில் இறங்கி இக்கரைக்கு வந்தாய். ஒரு வேட்பாளரை மறித்து, மழை பெய்தால் நாங்கள் வெளியே வரமுடியாது, ஒரு நடைபாலம் போட்டுத் தாருங்கள் என்று கேட்டாய். அவர் சிரித்தபடி கேட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்றவரிடம் அங்கே எத்தனை ஓட்டு என்று சிங்களத்தில் விசாரித்தார். உனக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்துவிட்டார்போல. ஒன்றுமில்லை என்று பதில் வந்ததும், தோட்டத்து விஷயத்தைத் துரையிடம் கேளுங்கள் என்று உன்னை அனுப்பிவிட்டார். துரையோ, ஆறு தோட்டத்து எல்லைக்குள் இல்லை, அரசாங்கத்திடம் கேள் என்றார்.

பாலம் வரவில்லை. உன் மகன் முருகனுக்குக் காய்ச்சல் வந்தது.

அப்போது நான் கடைத்தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நீ. நடுவில் மரங்களைப் புரட்டிக்கொண்டு போகிற தண்ணீர். நீ என்னவோ கத்தினாய், எனக்குக் கேட்கவில்லை. தண்ணீர் வடிந்து நீ இந்தக் கரைக்கு வந்தபோது அவன் உடம்பு குளிர்ந்திருந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்கே போகவேண்டும் என்று நின்றாய். நானும் உன்கூட நடந்தேன். வேறென்ன செய்வது?

அப்புறம் இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து நம்மைப் பங்கு போட்டன. என் வீட்டுக்காரர் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது, அதோடு எனக்கும். நீயோ உன் மகள் வள்ளியோடு இந்தியாவுக்கு என்று நீயாகவே எழுதிக் கொடுத்தாய். நான் சண்டை போட்டேன், அழுதேன்.

“ஓட்டு இல்லாத எடத்துல ஒரு புள்ளையப் பொதச்சாச்சு ராசாத்தி. வள்ளியையும் இங்க பொதைக்க மாட்டேன்” என்றாய்.

அங்கே போய் என்ன கண்டாய், அக்கா? குளிரும் இருமலும், சிலோன்காரி என்ற பட்டமும். ஓட்டாவது கிடைத்ததா? நீ போய்விட்டாய் என்று எழுதிய வள்ளி அதைப் பற்றி எழுதவில்லை. அவளிடம் கேட்க எனக்கும் துணிவில்லை.

இங்கே இப்போது லயத்தில் கொஞ்சப் பேருக்கு ஓட்டு வந்துவிட்டது. கடைசித் தேர்தலில் வேட்பாளர்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓயாவைத் தாண்டினார்கள். லயத்துப் பிள்ளைகளைத் தூக்கி முத்தமிட்டார்கள், ரொட்டி கேட்டு வாங்கித் தின்றார்கள். ஆறே மாதத்தில் இரும்புப் பாலம் வந்தது. திறப்பு விழாவுக்கு நானும் போனேன். தோட்டத்து மக்கள் எங்கள் சகோதரர்கள் என்று பேசிவிட்டு மேடையிலிருந்து இறங்கிய தொகுதி உறுப்பினரின் முன்னால் போய் நின்றேன். இந்தப் பாலம் ஏன் முன்னமே வரவில்லை என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. நம் தமிழிலேயே அன்பாகச் சொன்னார்: “முந்தி யாரும் கேக்கலையேம்மா.”

“எங்க அக்கா கேட்டா. அவ பேரு பாக்கியம்” என்றேன்.

அதற்குள் அவர் அடுத்த ஆளுக்குக் கும்பிடு போடத் திரும்பிவிட்டார்.

தொகுதி போனாலும் ஓட்டுக் கேட்டு வருவது நிற்காது, அக்கா. இனி மாவட்டம் முழுவதிலிருந்தும் வருவார்கள். என் வாசலுக்கு வருகிற ஒவ்வொருவரையும் உட்காரவைத்து உன்னையும் முருகனையும் பற்றிச் சொல்லப்போகிறேன். முழுவதும் கேட்காமல் எழுந்து போகிறவனுக்கு என் ஓட்டு இல்லை. முழுவதும் கேட்கிறவன் ஒருவனாவது வருவானா, தெரியாது. வராவிட்டாலும் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்து, கரையில் தனியாக நிற்கிற தங்கச்சி,
ராசாத்தி