ஆவாரைக்கு ஊற்றிய தண்ணீர்

என் அன்பு மச்சான் ஞானத்துக்கு,

உன் ஆவாரை செத்துவிட்டது. வேறு யாரிடம் சொன்னாலும் "ஒரு செடிக்கா இவ்வளவு வருத்தம்?" என்பார்கள். அதனால்தான் படிக்க ஆள் இல்லை என்று தெரிந்தும் உனக்கே எழுதுகிறேன்.

நீ விளையாட்டாகச் சொன்னதுதான் எல்லாம். எண்பதுகளில் ஒரு மத்தியானம், நம் தாவரவியல் மாணவர்களை ராஜகீழ்ப்பாக்கத்துக்குப் பின்னால் இருந்த சரளை மேட்டுக்குக் கூட்டிப்போயிருந்தோம். பாடம் முடிந்ததும் என்னிடம், "நான் செத்தா மேல சிமெண்ட் பூசிடாதீங்கடா. இந்த மேட்டு ஆவாரை ஒண்ணு வெச்சுடுங்க, போதும்" என்றாய். நான் சிரித்தேன். நம் இரண்டு பேரில் நீ முந்திக்கொள்வாய் என்று யாருக்குத் தெரியும்?

அந்த மேடு கண்ணிலேயே நிற்கிறது. செம்மண்ணும் சரளையும், சித்திரையில் செருப்பையும் தாண்டிச் சுடும். புல்கூடக் கருகிக் கிடக்கிற இடத்தில் ஆவாரை மட்டும் மஞ்சளாகப் பூத்து நிற்கும். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஆணிவேர் சரளையைத் துளைத்துக்கொண்டு ஆழத்தில் போயிருப்பதால் மழையை எதிர்பார்க்காது. "அவரைக் குடும்பத்துல பொறந்தும் வேர்ல ஒரு முடிச்சு கெடையாது பாரு. மண்ணுக்குச் சத்து சேக்காது. வீட்டுக்கு உதவாத பிள்ளை, உன்ன மாதிரியே" என்று மாணவர்கள் முன்னாலேயே என்னை வாருவாய்.

என் தங்கை ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க வந்தபோதும் அந்தக் கிளை ஒன்றைத்தானே கொண்டுவந்தாய்? மல்லிகைப்பூவை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவளிடம், இலைக்காம்பின் அடியில் காது மாதிரி ஒட்டியிருக்கும் இலையடிச்செதிலைக் காட்டி விளக்கம் சொன்னாய். அவள் சமையலறைக்கு ஓடிவந்து, "செடிக்குக் காது இருக்குதாம்ண்ணா. இவரையா நான் கட்டிக்கணும்?" என்றாள். கட்டிக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்பார்கள். தாம்பரம் வண்டியில் உனக்கு நெஞ்சு வலித்த அந்த மாதம் மேடு முழுக்கப் பூத்துக் கிடந்தது, மச்சான்.

நீ கேட்டபடி சிமெண்ட் பூசவில்லை. காய் முற்றட்டும் என்று காத்திருந்து விதை எடுக்கப் போனேன். அதற்குள் மேடெங்கும் வெள்ளையடித்த மனைக்கற்கள். சரளையை வெட்டி லாரிகளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் மிஞ்சிய புதர்களில் தட்டைத் தட்டையாய்க் காய்ந்த காய்கள், காகிதம் மாதிரி சலசலத்தன. பாதிக்கு மேல் வண்டு துளைத்தவை. நல்ல விதைகளைப் பொறுக்கி, நீ செய்வதுபோலவே உப்புத்தாளில் தேய்த்து, வெந்நீரில் ஊறப்போட்டேன். ஒன்றே ஒன்றுதான் முளைத்தது.

கல்லறைத் தோட்டம் களிமண். அதனால் மேட்டுச் சரளையையும் மூட்டை கட்டி மொபெட்டில் கொண்டுவந்து குழியில் நிரப்பித்தான் வைத்தேன். செடி பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தையும் தாண்டிவிட்டது. முதல் மொட்டைப் பார்த்த அன்று நான் சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

அடுத்த தடவை போனபோது இலை வெளுத்திருந்தது. அதற்கடுத்த தடவை மொட்டெல்லாம் உதிர்ந்து கிடந்தது. தண்டைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து அழுகியிருந்தது. கோடையில் எப்படி அழுகும்? காவலாளிதான் சொன்னார்.

"வெயிலு ஏறுனதுலேர்ந்து உங்க தங்கச்சி டெய்லி வந்து ஒரு கொடம் ஊத்திக்கினு கீது சார். நான் இன்னா சொல்றது? வூட்டுக்காரருக்கு ஊத்துது."

நம் ஆட்கள் வழக்கம் உனக்குத் தெரியாதா? கல்லறையில் செடி இருந்தால் தண்ணீர் ஊற்றாமல் யாரும் திரும்புவதில்லை. நட்ட அன்றே ஸ்டெல்லாவிடம் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். தலையாட்டினாள்.

சாயங்காலம் அவள் குடத்தோடு வந்தாள். செடி இல்லாத இடத்தைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்தாள்.

"இது தண்ணி கேக்காத செடிம்மா. ஞானம் உங்கிட்ட சொன்னதே இல்லையா?" என்றேன்.

"நூறு தடவ சொல்லியிருக்காருண்ணா."

"அப்புறம் ஏம்மா?"

"இவ்ளோ தூரம் வெயில்ல வந்துட்டு, அவருக்கு ஒண்ணுமே செய்யாம எப்படிண்ணா வீட்டுக்குப் போறது?"

உனக்காவது பதில் தெரிந்திருக்குமா?

போன வாரம் மறுபடியும் மேட்டுக்குப் போனேன். மேடு என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. சரளை போன பள்ளத்தில் ஏரி மண் கொட்டி வீடு கட்டியிருக்கிறார்கள். காம்பவுண்டுக்குள் குரோட்டன்ஸ். இனி அங்கே விதை விழுந்தாலும் பிழைக்காது. படப்பைப் பக்கம் சாலையோரத்தில் ஆவாரை இருக்கிறதுதான். ஆனால் நீ கேட்டது இந்த மேட்டுச் செடியை. படப்பைச் செடியையே கொண்டுவந்து வைத்தாலும் ஸ்டெல்லா தண்ணீர் ஊற்றுவாள். ஊற்றாதே என்று இன்னொரு தடவை அவளிடம் சொல்ல என்னால் ஆகாது.

இப்போதும் அவள் தினமும் வருகிறாள். வெறும் மண்ணில்தான் ஊற்றுகிறாள். குழாய் வாசல் பக்கம் இருக்கிறது, நீ படுத்திருப்பது கடைசி வரிசை. குடத்தை அங்கங்கே இறக்கி வைத்து, தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

நீ கேட்டதை என்னால் நிறைவேற்ற முடியவில்லை, மச்சான். இனி அங்கே எந்தச் செடியும் வைக்கமாட்டேன். ஆனால் இந்த ஒன்றைச் செய்வேன்: எனக்குத் தெம்பு இருக்கும்வரை அந்தக் குடத்தை வாசலிலிருந்து நான் தூக்கிவருகிறேன். ஊற்றுவதை அவள் ஊற்றட்டும்.

உன் ஸ்டெல்லாவின் அண்ணன்,
வீட்டுக்கு உதவாத உன் மச்சான்,
சாமுவேல்