அப்பா டிவியில் படிக்கும் எழுத்துகள்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்கிறீர்களா? இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை அந்த இடத்தில் நின்றுவிட்டது, அதனால் நான் நலம் என்று மட்டும் எழுதுகிறேன். கையில் போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாள் என்று பதறாதே. போனில் பேசினால் அப்பா காதில் விழும், அவருக்குக் காது மட்டும் இன்னும் பாம்புச் செவிதான். கம்ப்யூட்டரில் எழுதலாம் என்றால் அது டிவியில் அல்லவா தெரிகிறது, நான் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் சுவர் அகலத்துக்கு வந்து நிற்கும், ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக்காரர்களே வாசித்துவிட்டுப் பதில் சொல்வார்கள். அதனால் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். குட்டிக்குச் சளி விட்டதா? மாப்பிள்ளையின் முதுகுவலி எப்படி இருக்கிறது, அந்த மெத்தையை முதலில் மாற்றச் சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ டிவியில் வந்தாயே, இடுப்பு வரை இருந்த முடியைக் காதோடு வெட்டிக்கொண்டு, அப்பா பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பேசினாய். அவர் நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் நீ எனக்குத் தனியாகப் போன் செய்து, "அப்பா ஏம்மா ஒண்ணுமே சொல்லல, கோவமா" என்று கேட்டாய், நான் பேச்சை மாற்றிக் குட்டிக்குப் பல் முளைத்ததா என்று விசாரித்தேன். அப்பாவுக்குக் கோபம் இல்லை கண்ணு. நீ முடி வெட்டியது அவருக்குத் தெரியவே இல்லை. நான் காலை ஷிஃப்டுக்குப் போன நாளெல்லாம் உனக்குப் பின்னல் போட்டுப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர், ஒரு முடி தூக்கிக்கொண்டு நின்றாலும் அவிழ்த்து மறுபடி பின்னுவார், அந்த மனிதர் உன் தலையைப் பார்த்துவிட்டுச் சும்மா எழுந்து போவாரா? அவர் கண் போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு காலையும் மாலையும் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார், வண்டி நிறைய அடுத்தவர் பெற்ற பிள்ளைகள். எனக்குச் சோறு இறங்கவில்லை. உடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ என்று நீ சொல்வாய், அது எனக்குத் தெரியாதா, நான் சொல்லாமலா இருந்தேன், முழுவதும் படி.

இந்தக் கம்ப்யூட்டர் வந்த கதையிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். திடீரென்று ஒரு நாள், வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும், பில் கட்டலாம், பேங்க் பாக்கலாம், பேத்தியைப் பெருசா பாக்கலாம் என்று ஆரம்பித்தார். போனில் இல்லாததா என்றேன், போன் பொடிப்பொடியா இருக்கு என்றார். பழைய கம்ப்யூட்டர்களைச் சரி செய்து விற்கிற கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பெரிய ஆபீஸ்களில் சில வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடுவார்களாம், இவர்கள் வாங்கித் துடைத்துத் தேய்ந்ததை மாற்றி அலமாரியில் அடுக்கியிருக்கிறார்கள். நம்முடையது என் சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும், அதன் கரண்ட் வயரில் வருகிற கட்டை அதைவிடக் கனம். யாரோ கழித்ததை நாம் ஏன் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் முகத்தைத் தூக்கிக்கொண்டேன். கடைக்காரர் கோபப்படாமல் ஒரே ஒரு திருகாணியைக் கழற்றி மூடியைத் திறந்து காட்டினார், டிஸ்க் புதுசு, மெமரி புதுசு, ஒரு வருஷம் வாரண்டி, ஃபேன் சத்தம் போட்டா கூப்பிடுங்க நானே வர்றேன் என்றார். அப்பா கை தட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டு நின்று, "பாத்தியா, உள்ள ஒண்ண மாத்தினா போதும், புதுசு மாதிரி ஓடும்" என்று எனக்கே பாடம் எடுத்தார். நானும் விடவில்லை, தையல் கம்பெனியில் முப்பது வருஷம் செக்கிங்கில் இருந்தவள் அல்லவா, நாலு பக்கமும் விரலை ஓட்டிப் பார்த்தேன், கீழே ஏதோ ஆபீஸ் ஸ்டிக்கர் பாதி கிழிந்து ஒட்டியிருந்தது தவிர ஒரு குறையும் இல்லை. ஸ்கிரீன் எந்த சைஸ் வேண்டும் என்று அவர் கேட்டதும் அப்பா அவசரமாக, ஸ்கிரீன் வேணாம், டிவியிலயே மாட்டிக்கிறேன், எழுத்து பெருசா தெரியும் என்றார். கஞ்சன் என்று வீடு வரும் வரை கிண்டல் செய்தேன். கிளம்பும்போது கடைக்காரரை ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ ஒரு படம் போட்டுத் தரச் சொல்லிக் குசுகுசுவென்று பேசினார், பழைய நடிகை யாராவது இருப்பாள், இந்த வயசில் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நான் கண்டுகொள்ளவில்லை.

அது நடிகை இல்லை, வெறும் எழுத்துகள். மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து, அடுத்த வரியில் இரண்டு, அதற்குக் கீழே மூன்று, போகப்போக எறும்பு மாதிரி ஆகிவிடும். காலை ட்ரிப் முடிந்து வந்ததும் அதை டிவியில் போட்டுவிட்டு எதிர்ச் சுவரில், ஃபிரிட்ஜ் பக்கத்தில் போய் நின்று ஒரு கண்ணைப் பொத்திக்கொள்வார், அப்புறம் மறு கண். என்ன கூத்து இது என்றால், டைப்பிங் பழகணும்ல, எழுத்தெல்லாம் மனசுல ஏத்துறேன் என்றார். கண்ணைப் பொத்திக்கொண்டு யாராவது டைப்பிங் பழகுவார்களா என்று எனக்குத் தோன்றவில்லை பார், மண்டு. குளிக்கும்போதுகூட கே என் வி, ஆர் டி எச் என்று தண்ணீர்ச் சத்தத்தோடு கேட்கும், இந்த வயசிலும் கற்றுக்கொள்கிறாரே என்று பக்கத்து வீட்டில் பெருமையடித்தேன். இதற்கு நடுவில் டம்ளருக்கு வெளியே டீயை ஊற்றுவார், டம்ளரைத் திட்டுவார். சட்டையை உள்பக்கம் வெளியே போட்டுக்கொண்டு கிளம்புவார். பில்லைப் படிக்கச் சொன்னால் கண்ணாடி வண்டியில இருக்கு, நீயே படி என்பார். டிவியில் எழுத்து நாளுக்கு நாள் பெரிதாகி ஒரு வரிக்கு மூன்று வார்த்தைதான் நின்றது. இதையெல்லாம் கவனக்குறைவு, கவனக்குறைவு என்று நான் திட்டிக்கொண்டே இருந்தேன் கண்ணு. ஒரு தையல் விட்டுப்போனால் கண்டுபிடிக்கிறவள் இதை விட்டுவிட்டேன்.

போன மாதம் என் கண்ணாடிக் கால் உடைந்து கண்ணாடிக் கடைக்குப் போனேன். அப்படியே பவரும் பார்த்துவிடலாம் என்று அந்தப் பெண் நாற்காலியில் உட்காரவைத்துச் சுவரைக் காட்டினாள். மேலே இருந்த பெரிய எழுத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான், வாய் பாட்டுக்கு வரி வரியாகச் சொல்லிக்கொண்டே போகிறது, கடைசி வரி வரைக்கும். அந்தப் பெண் அசந்துபோய், "கண்ணாடி இல்லாமலே கடைசி வரி படிச்சுட்டீங்களேம்மா, உங்களுக்கு எதுக்குக் கண்ணாடி" என்றாள். நான் எங்கே படித்தேன், எனக்கு அந்த மூன்றாவது வரியே மங்கல்தான், அப்பா சொன்னதைத்தானே ஒப்பித்தேன். இந்தப் படம் இங்கே மட்டும்தானா என்று கேட்டேன், நிறைய இடத்துல இதேதான், லைசென்ஸ் ஆபீஸ்லகூட இதைத்தான் மாட்டியிருக்காங்க என்றாள். அப்பாவுக்கு அடுத்த மாதம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அவர் டைப்பிங் பழகவில்லை, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன், எனக்குக் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல, உன் வேலையைப் பாரு என்று எரிந்து விழுந்தார். ஒருவேளை நான்தான் வீணாகப் பயப்படுகிறேனோ என்றும் ஒரு நப்பாசை. அந்தச் சமயத்தில் கம்ப்யூட்டர் ஃபேன் கொர்ரென்று சத்தம் போட, கடைக்காரர் சொன்ன சொல் தவறாமல் வந்து மாற்றிக் கொடுத்தார், அப்பா ட்ரிப்பில் இருந்தார். நான் அவரிடம், அந்த எழுத்துப் படத்தில் மேலே இரண்டு வரியை அப்படியே விட்டுவிட்டுக் கீழே எழுத்தையெல்லாம் மாற்றி அதே இடத்தில் வைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார், எதுவும் கேட்காமல் செய்து கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் அப்பா வழக்கம்போல ஃபிரிட்ஜ் பக்கத்தில் போய் நின்றார். நான் சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தேன், எப்படியாவது தடுமாறிவிட வேண்டும், என்ன இது எழுத்து மாறியிருக்கே என்று கத்த வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மேலிருந்து கீழே வரை கடகடவென்று சொன்னார், மூன்றாவது வரியிலிருந்து ஒரு எழுத்துகூடச் சரியில்லை. மறு கண்ணுக்கும் அப்படியே. முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, பிள்ளை மார்க் வாங்கிக்கொண்டு வந்த மாதிரி சிரித்தார். சரியாச் சொல்லிட்டீங்க என்று சொன்னேன். நீ பக்கத்தில் இருந்தால் உன்னிடமாவது சொல்லியிருப்பேன், மடிக்கிற துணியில் உன் சட்டை ஒன்றுகூட இல்லையே என்று அழுகையாக வந்தது.

அன்றிலிருந்து நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். ஒரு நாள் காய் வாங்க வேண்டும் என்பேன், ஒரு நாள் முட்டி வலிக்கு நடக்காமல் போக வேண்டும் என்பேன், முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஐயோ சிவப்பு விழுந்துருச்சே, அந்த சைக்கிள்காரன் போறதைப் பாரு, மேடு வருது மேடு வருது என்று ஏதோ வாய் ஓயாதவள் மாதிரி சொல்லிக்கொண்டே வருவேன். பிள்ளைகள் எனக்குக் கண்டக்டர் ஆன்ட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள், டிக்கெட் கொடுங்க என்று கை நீட்டுகிறார்கள். நான்தான் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று மாலை பின் சீட்டுப் பிள்ளையின் தண்ணீர் பாட்டில் காலடியில் உருண்டு வந்தது, எடுக்கக் குனிந்தேன், அந்த நேரம் பார்த்து வண்டி மேட்டில் ஏறித் தூக்கிப் போட்டது. பைகளெல்லாம் சரிந்தன, ஒரு சின்னவள் நெற்றியை முன் சீட்டில் இடித்துக்கொண்டாள், நல்ல வேளை சிவந்ததோடு போயிற்று. அப்பா வண்டியை ஓரம் கட்டிவிட்டு என்னைப் பார்த்து, "என்ன, மேடு வருதுன்னு சொல்லவே இல்லையே நீ" என்றார். கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவருக்கே புரிந்தது போல. இத்தனை நாளும் அவர் வண்டியை என் வாயை நம்பித்தான் ஓட்டியிருக்கிறார். நான் காப்பாற்றவில்லை கண்ணு, ஓட்டவைத்திருக்கிறேன்.

இன்றிலிருந்து பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை, அதுதான் எனக்குக் கிடைத்த மூச்சு. வேன் சாவியை மாவு டப்பாவுக்குள் போட்டிருக்கிறேன், அவரும் தேடவில்லை. பள்ளி திறக்கிற அன்று அவர் ஸ்டியரிங்கைத் தொடப்போவதில்லை, தொட்டால் நானே பள்ளி ஆபீசில் போய்ச் சொல்லிவிடுவேன், அப்புறம் அவர் ஆயுசுக்கும் என்னோடு பேசாவிட்டாலும் சரி. ஆனால் அவராக இறங்கினால் அவர் தலை நிமிர்ந்து இருக்கும், நான் பிடித்து இறக்கினால் உடைந்துபோவார். உன் பெரியப்பா கண்ணைக் காட்டப் போய், காலம் கடந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்களே, அதிலிருந்து இவருக்கு டாக்டர் என்றாலே அதே பதில்தான் வரும் என்று கிலி. அந்தக் கண்ணாடிக் கடைப் பெண், இந்த வயசுல பெரும்பாலும் புரையாத்தான் இருக்கும், சின்ன ஆபரேஷன், ஆனா டாக்டர் பாத்துத்தான் சொல்லணும் என்றாள். கம்ப்யூட்டர் மூடியைத் திறந்து உள்ளே மாற்றினால் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தவர், தன் கண்ணென்று வந்தால் மட்டும் யாரும் தொடக் கூடாதாம். புரை இல்லாமல் வேறு ஏதாவது இருந்துவிட்டால் என்று நினைக்கும்போது எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, அதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வருகிற ஞாயிறு எப்போதும் வருகிற நேரத்துக்கு டிவியில் வா. அழாதே, டாக்டர் என்ற பேச்சே எடுக்காதே, நான் எழுதியது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அப்பா, என் தலை எப்படி இருக்கு என்று மட்டும் கேள். லைசென்ஸ்காரரிடம் பொய் சொல்லுவார், என்னிடம் சொல்லுவார், உன்னிடம் அவர் சொன்னதில்லை. அந்த எழுத்துப் படத்தை எப்படி மனப்பாடம் செய்தாரோ அதைவிட நன்றாக உன் முகத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார், அதில் நீ இன்னும் பின்னலோடுதான் இருக்கிறாய், போன ஞாயிறும் அவர் பார்த்தது அந்த முகத்தைத்தான். பின்னல் நல்லா இருக்கும்மா என்று அவர் சொன்னால் நீ உன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, முடியை வெட்டிட்டேன்ப்பா என்று மெதுவாகச் சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம், நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், குட்டிக்கு என் முத்தம். படித்ததும் இதை அழித்துவிட மறக்காதே. வெளியே போகும்போது தொப்பி போட்டுக்கொள், காதை மூட இப்போது முடி இல்லை, குளிர் ஏறிவிடும். எனக்கு நன்றாகத் தெரிந்தது கண்ணு, உனக்கு அது அழகாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமைக்காக உட்கார்ந்திருக்கும்
அம்மா