மோகனூர் சாலை வளைவும் நான் சொன்ன வார்த்தையும்

அன்பு மாப்பிள்ளை செங்கோடனுக்கு,

என் ஒரே தங்கை பாவாயியின் புருஷனே, நீ போய் ஒன்பது வருஷமாகிறது. இத்தனை நாளும் மனசுக்குள் உன்னோடு பேசியதெல்லாம் கோபத்தில்தான். இன்று கொஞ்சம் தணிந்து எழுதப் பார்க்கிறேன்.

யுத்தத்தால் பெட்ரோல் கிடைப்பதில்லை. ஏற்காட்டுத் தோட்டத்துத் துரையிடம் நான் வாங்கிய அந்த மோட்டார் சைக்கிள், உன்னைக் கொன்ற வண்டி, கட்டுத்தாரையில் மாடுகளோடு நிற்கிறது. அதன் சீட்டில் கோழி படுக்கிறது. உன் பெரியப்பா திடமாக இருக்கிறார். உன் காரியத்தன்று பாவாயிக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை என் கையால் போடவிடாமல், "படிச்சவன் வண்டி குடும்பத்தையே குடிச்சுப் போட்டுது" என்று சபையில் சொன்னாரே, அவர்தான். நான் அதை மறக்கவில்லை. மறக்கப் போவதும் இல்லை.

போன வாரம் பாவாயி வந்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் முறை. தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராக வண்டியருகே போய் நின்றாள்.

"ஏனுங்கண்ணா, அந்த வளைவுல அவரு என்ன தப்புப் பண்ணினாருங்க?"

சொன்னேன். வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே, வண்டி நிமிர்ந்து நேராக ஓடும்போதே குறைத்துவிட வேண்டும். கை பிரேக்கையும் கால் பிரேக்கையும் சேர்த்து, மெள்ள மெள்ள அழுத்த வேண்டும். சாய்ந்து திரும்புமுன் விட்டுவிட வேண்டும். சாய்ந்த வண்டியின் முன்சக்கரத்துக்குத் திரும்புவதற்கே தரைப்பிடிப்பு போதாது. அந்த நேரத்தில் கை பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் நின்று சறுக்கிவிடும். சரளை ரோட்டில் கேட்கவே வேண்டாம். தப்பித்தவறி வேகம் மிஞ்சிப்போனால் முதலில் வண்டியை நிமிர்த்து, அப்புறம்தான் பிரேக். "மாப்பிள்ளை சாஞ்சபடியே முழுசாப் புடிச்சுட்டாரு" என்றேன்.

"இதையெல்லாம் அவருகிட்டச் சொன்னீங்களாண்ணா?"

"சொன்னேன் சாமி."

அவள் முகம் மாறியதை நீ பார்த்திருக்க வேண்டும். "அப்ப, சொல்லியுங் கேக்காமத்தான் என்னைய இப்படி உட்டுட்டுப் போனாரா?" அவ்வளவுதான், போய்விட்டாள். உன் பேரில் தினம் ஏற்றிய விளக்கை அன்றிலிருந்து நிறுத்திவிட்டாளாம்.

நான் சொல்லவில்லை, மாப்பிள்ளை. அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

முந்தின நாள் நீ ரேக்ளா பந்தயத்தில் ஜெயித்திருந்தாய். ஊரே உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தது. என் அப்பா உன்னைக் கட்டிப் பிடித்து அழுதார். நான் பி.ஏ. தேறி வந்த நாளில் அவர் தோட்டத்திலிருந்து வீட்டுக்குக்கூட வரவில்லை. மறுநாள் காலையில் நீ வண்டியில் ஏறிக்கொண்டு என்னைக் கேட்டாய்: "நேர்ல ஓட்ட வந்துருச்சுங்க மச்சான். வளைவுல எப்படிங்க புடிக்கோணும்?"

"ரேக்ளா ராசாவுக்கு நான் சொல்லித் தரோணுமா? காளைக் கயித்தை இழுக்கற மாதிரி இழு, திரும்பும்" என்றேன்.

நீ சிரித்தாய். "அட, இதுக்கா பி.ஏ. படிச்சீங்க?"

காளை வண்டியில் நீ வளைவுக்குள் போன பிறகுதான் வலக்கயிற்றைச் சுண்டி இழுப்பாய். அந்தப் பழக்கம் உன் கையிலேயே ஊறிக் கிடந்தது. மோகனூர் சாலையின் வலப்பக்க வளைவில் வலக்கையில் இருந்தது கை பிரேக். உன்னைத் தூக்கியபோது அந்த விரல்கள் மடங்கியே இருந்தன.

நான் நக்கல் செய்ததுகூட உனக்குப் புரியவில்லையா? இல்லை, மச்சான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாயா? இரண்டாவதுதான் என்று நினைக்கும்போது எனக்குச் சோறு இறங்குவதில்லை.

பாவாயிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். அச்சில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வருவேன். உன் பெரியப்பாவுக்கும் கேட்கும்படி சத்தமாக வாசிப்பேன். கயிறு என்ற வார்த்தை வரும் இடத்தை வாசிக்காமல் விட்டுவிட மாட்டேன். அவள் அதன் பிறகு என்னோடு பேசாவிட்டாலும் போகிறது. விளக்கு மட்டும் உனக்கு எரியட்டும்.

உன் பாவாயியின் அண்ணன்,
நீ நம்பிய மச்சான்.