பாதி மாத்திரை

மார்ச் 4

இன்று நான் சொல்லாதது: அப்பா ஒரு மாத்திரையைக்கூட முழுதாக விழுங்கியதில்லை.

கல்லீரல் கொழுப்புக்கான புது மாத்திரை, இன்னும் சோதனையில் இருப்பது. ஆய்வுப் பிரிவு நர்ஸ் டப்பாவில் மிச்சத்தை எண்ணிவிட்டு, "உங்கப்பா மாதிரி பத்து பேர் இருந்தா போதும்மா, ஒருநாள்கூட விடல" என்றார். அப்பா பரிசு வாங்கிய பிள்ளைபோல் சிரித்தார். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உடைக்கக் கூடாது என்று டப்பாவிலேயே இருக்கிறது. தினமும் காலை எட்டு மணிக்குக் காய் நறுக்கும் கத்தியால் இரண்டாக வெட்டுகிறார். ஒன்று அவருக்கு. ஒன்று மாடியில் இருக்கும் சித்தப்பாவுக்கு.

மார்ச் 5

ஆய்வுக்கு ஆள் சேர்த்தபோது சித்தப்பாவையும் பரிசோதித்தார்கள். கல்லீரல் ஏற்கெனவே இறுகிவிட்டது, இந்த மருந்து அவருக்கு ஆபத்தாகலாம் என்று சேர்க்கவில்லை.

கேட்டேவிட்டேன். அப்பா: "ஒரே வயித்துல பொறந்தவன். நான் மட்டும் முழுங்கிட்டு அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

சித்தப்பாவுக்கு எல்லாமே விளையாட்டு. "சின்ன வயசுல மிட்டாயக் கடிச்சுப் பாதி தருவாரு உங்கப்பா. இப்ப முன்னேறிட்டாரு, கத்தி வச்சு வெட்டுறாரு."

அம்மா: "ஆம்பளைங்க விஷயத்துல தலையிடாத."

கல்லீரலில் ஆம்பளைக் கல்லீரல் என்று தனியாக உண்டா?

மார்ச் 11

கத்தியை ஒளித்துவைத்தேன். அப்பா மாத்திரையைப் பல்லால் கடித்து உடைத்தார்.

மார்ச் 19

சித்தப்பாவின் கண் மஞ்சள். "வெயில்ல அலைஞ்சேன்" என்கிறார். இரண்டு மாதமாகத் தன் டாக்டரிடமும் போகவில்லையாம். "அதான் மருந்து சாப்பிடுறேனே."

அய்யோ, ரெண்டு பேரும் சேந்து என்னதான் பண்றீங்க? பாசமாம், பெரிய பாசம்!

நாலாம் தேதியே நான் வாயைத் திறந்திருந்தால்? அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கும் மனம் வரவில்லை. ஆக, நானும்தான்.

நர்ஸுக்கு போன் செய்தேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. "சித்தப்பாவ உடனே கூட்டிட்டு வாங்க. டப்பாவையும்." திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 20

"பெத்த பொண்ணே காட்டிக் குடுத்துட்டா." அப்பா என்னிடம் சொல்லவில்லை, சுவரிடம் சொன்னார்.

ஏப்ரல் 8

கண் மஞ்சளானது மருந்தாலா, நோயாலா — டாக்டருக்கே இன்னும் தெரியவில்லை. சித்தப்பாவை நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பாவுக்கு மாத்திரையை நிறுத்தியாயிற்று.

காலை எட்டு மணிக்குப் பழக்கத்தில் கத்தியை எடுத்தார். கீழே வைத்தார்.

"அவனுக்கு அடுத்த டெஸ்ட் என்னைக்கு?"

பத்தொன்பது நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. வியாழக்கிழமை என்றேன்.