சித்தப்பா வண்டிக்கு வெள்ளை வெளிச்சம்

அன்பு மகன் ஜீவானந்தத்துக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஆடுமாடும் சுகம். நீ மஸ்கட்டில் சுகமாக இருப்பதைச் சுப்பிரமணி சித்தப்பா சொல்லித் தெரிந்துகொண்டேன், இனிமேல் அவன் வழியாகத்தான் எல்லாம் போலிருக்கிறது. போனில் பேசினால் உன் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

சாமை அறுப்பு முடிந்தது, புளியும் நன்றாகக் காய்த்திருக்கிறது, அதெல்லாம் இருக்கட்டும். சித்தப்பா வண்டிக்கு எல்இடி லைட்டு வாங்கி அனுப்பினாயாமே. நானும் என் தம்பியும் சவாரிக்கு ஓட்ட ஒன்றாகப் போய் வாங்கின அம்பாசிடர்கள், ஒரே கலர், ஒரே வயசு, அதில் ஒன்றுக்கு மட்டும் பார்சல் வருகிறது. சித்தப்பா கேட்டார், நீங்கள் கேட்கவில்லை என்பாய். பெற்றவன் வாய்விட்டுக் கேட்க வேண்டுமா? இங்கே யார் வண்டி வருகிறது என்று வெளிச்சத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள், உனக்குத் தெரியாதா. இப்போது மஞ்சளாக வந்தால் நான் என்று தெரிந்து உட்கார்ந்தே இருக்கிறார்கள், வெள்ளையாக வந்தால்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வருகிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

யாருக்கும் சொல்லாமல் சந்தவாசலில் மெக்கானிக் வெற்றிவேலிடம் போய் ஹெட்லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் எல்இடியாக மாற்றினேன். இண்டிகேட்டர் மட்டும் படபடவென்று அடித்தது, புது பல்பு இழுக்கிற கரண்டு கம்மி, பழைய வண்டி அதைப் பல்பு போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளும் என்றான். அடித்தால் அடிக்கட்டும் என்று கிளம்பிவிட்டேன். பொழுது சாயும் நேரம், பனி இறங்குகிறது, நம் வளைவில் உன் அம்மா சாமை மூட்டையோடு நின்று கை காட்டினாள். அவளை அசத்தலாம் என்று பேசாமல் நிறுத்தினேன். கண் கூசி என்னைப் பார்க்காமலே பின்கதவைத் திறந்து மூட்டையோடு ஏறி உட்கார்ந்து, தம்பி, ஜீவா தை மாசம் வர்ற அன்னிக்கு நீயே வண்டிய எடுத்துக்கினு போய்டு, உங்க அண்ணன் வண்டி ஏத்தத்துல நின்னுடும், அவருகிட்ட நாளு கூட நான் சொல்லல என்றாள். நீ வருவதே எனக்கு அப்போதுதான் தெரியும். நான் திரும்பினேன். ஐயோ நீங்களா என்றவள் மூட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

மறுநாளே பழைய மஞ்சள் பல்புகளைத் திரும்பப் போட்டுக்கொண்டேன். பனியில் மஞ்சள்தான் ரோட்டைக் காட்டும் என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். உனக்கு மட்டும் உண்மை, என்னை இன்னொரு முறை யாரும் அவன் என்று நினைக்கக் கூடாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. குலசாமி துணையில் நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே, நீ வரும் நாளில் சந்தவாசல் பஸ் ஸ்டாப்பில் நான்தான் நிற்பேன். சித்தப்பாவை வர வேண்டாம் என்று நீயே போனில் சொல்லிவிடு. நான் சொன்னால் பொறாமை என்பான். பொறாமைதான், அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்கு நீ ஒருத்தன்.

உன் அப்பா
கோவிந்தன்