கரையொதுங்கிய பலகை

1942 சித்திரை 21, செவ்வாய்

விறகுத் தட்டுப்பாடு. வெள்ளவத்தைக் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த பலகையை இன்று நான்தான் தூக்கி வந்து பிளந்து கொடுத்தேன். சோறு கொதிக்கும்போது மனைவி சிவகாமி கொள்ளியை வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றினாள்.

"வேம்பு மணக்குது. சுறா எண்ணெயும். எங்கட வல்வெட்டித்துறையிலதான் வேம்பில கப்பல் கட்டிச் சுறா எண்ணெய் பூசுறவை."

அவளுடைய அண்ணன் கொச்சிக்குப் போன கப்பலும் அங்கே கட்டியதுதான். கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட நாளிலிருந்து அவரிடமிருந்து செய்தி இல்லை.

"எத்தினை கப்பல் ஓடுது. உம்மட அண்ணற்ற எண்டு ஏன் நினைக்கிறீர்?" என்றேன்.

சோறு அரைவேக்காட்டில் கிடக்கிறது. கரிந்த துண்டுகளைச் சீலைத் தலைப்பால் துடைத்துச் சுவரோரம் அடுக்கினாள். படுக்கப் போகும்போது கேட்டாள்: "விடியக் கடற்கரைக்குப் போவீங்களோ?"

ஓம் என்றேன். எதைத் தேட என்று நான் கேட்கவில்லை.